ஈயச் சட்டியில் தண்ணீர்

பூவம்மா அக்காவை முதன்முதலில் பார்த்த அன்றைக்கு அவர் என்னைத் துரத்திவிட்டார். திருவொற்றியூர் சங்குமேட்டுக்குப்பம் அங்கன்வாடியில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது நாள் அது. பதினோரு வருடம் ஆகிறது. கணக்கெடுப்பு நோட்டோடு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். கடலோரம், அலையைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கற்களுக்குப் பக்கத்து மணலில், ஒரு கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அடுப்பின் முன்னால் நின்ற உருவம் ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை. முகத்தில் இரண்டு பக்கமும் வட்டமாக ஃபில்டர் வைத்த மாஸ்க். வெல்டிங்காரர்கள் போடும் தோல் கையுறை முழங்கை வரை. முழுக்கைச் சட்டை, காலில் பூட்ஸ். நான் கிட்டே போனதும் மாஸ்க்குக்குள்ளிருந்து ஒரு அதட்டல் வந்தது.

"ஏய், அங்கியே நில்லு! வயித்துல புள்ளய வெச்சிகினு இங்க இன்னாத்துக்கு வர்ற? அப்பால போ!"

எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். அவமானமாக இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து, குளித்து, ஈரத் தலையோடு அவரே அங்கன்வாடி கேட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"வேணாம் டீச்சர். நான் ஈயம் தொட்றவ. கொயந்திங்க பொரள்ற எடத்துல என் காலு படக் கூடாது. பேரு பூவம்மா, வூட்டுக்காரர் பேரு வரதன், வூட்டுல ரெண்டே பேரு. எய்திக்கோ."

அதன் பிறகு தெருவிலும் பஸ் நிறுத்தத்திலும் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். ஆனால் அந்த கேட்டைத் தாண்டி அவர் உள்ளே வந்ததில்லை. போன வருடம் ஒரே ஒரு தடவை வந்தார். ஏன் வந்தார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா ஈயம் உருக்கி வலைக்கும் தூண்டிலுக்கும் குண்டு வார்ப்பவர். வலையின் அடிக்கயிறு கடலுக்குள் இறங்கி நிற்க வேண்டுமென்றால் ஈயக்குண்டு வேண்டும். எங்கள் குப்பத்துக் கட்டுமரக்காரர்களிலிருந்து காசிமேட்டு விசைப்படகுக்காரர்கள் வரை அவரிடம்தான் வாங்குவார்கள். டயர் கடைகளில் சக்கரத்துக்கு வைக்கும் பழைய எடைக் கட்டிகள், இடித்த பங்களாக்களின் பழைய ஈயக் குழாய்கள், இவைதான் அவர் சரக்கு. வந்ததை உடனே சட்டியில் போட மாட்டார். தகரத்தில் பரப்பி நாலு நாள் வெயிலில் காயவைப்பார். குழாய்த் துண்டு என்றால் இரண்டு முனையும் வெட்டி, உள்ளே கண் வைத்துப் பார்ப்பார். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் சட்டியில் போகாது. பேட்டரித் தகட்டை மட்டும் யார் எவ்வளவு கெஞ்சினாலும் வாங்கவே மாட்டார்.

உருக்குவது விடியற்காலையில் மட்டும். அந்த நேரத்தில் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்துப் போகும். வீடுகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். புகை அவரைத் தாண்டி நேராகக் கடலுக்குப் போகும். பத்து, பத்தரைக்குக் கடற்காற்று திரும்பும். அதற்குள் அடுப்பு அணைந்திருக்கும். மழைக்காலத்தில் அடுப்பே இல்லை. ஈயம் இளகியதும் தீயைக் குறைத்துவிடுவார். "கொதிக்க வுட்டா அது காத்துல ஏறிக்கும், டீச்சர். உருகனா போதும்." மேலே மிதக்கும் சாம்பல் நிறக் கசடை மெல்ல வழித்து மூடி போட்ட டப்பாவில் போடுவார். அச்சையும் கரண்டியையும் முதலில் அடுப்போரம் சூடாக்கிக்கொள்வார். அந்தச் சட்டியும் கரண்டியும் வீட்டுப் படி ஏறியதில்லை. வேலை முடிந்ததும் மணலில் போட்ட சிறு குடிசையில் துணி மாற்றி, அந்தத் துணியைத் தனி வாளியில் அலசி, சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் ஒரு வாய் டீ. நடுவில் வெற்றிலைகூடப் போட மாட்டார்.

இவ்வளவும் அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. தன் உடம்பைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது.

இருபத்தாறு வயதில், வரதன் அண்ணன் போன படகு உடைந்து வீட்டில் அடுப்பு எரியாத நாளில், எங்கள் குப்பத்துக்கு மேற்கே இருக்கும் பேட்டரி உடைக்கும் யார்டுக்கு வேலைக்குப் போனார். பழைய பேட்டரிகளைக் கோடாலியால் பிளந்து, ஆசிட்டை வாய்க்காலில் கொட்டிவிட்டு, உள்ளிருக்கும் தகடுகளை வெறுங்கையால் அள்ளி உலைக்குப் போடும் இடம். உலையில் மிஞ்சும் கறுப்புக் கசடை மண்வெட்டியால் வாரிக் குவிப்பதும் அவர் வேலை. மூன்று வருடம். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு, அந்தக் கையை அதே முந்தானையில் துடைத்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார். இது விஷம் என்று ஒருவரும் சொல்லவில்லை. தினமும் வயிற்றைப் பிசைந்தது. மணிக்கட்டு தொங்கிப்போய்க் குடம் தூக்க முடியவில்லை. அந்த மூன்று வருடத்தில் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்தன. இரண்டாவது முறை அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொல்லி, ஈறில் ஓடிய நீலக் கோட்டைப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பார்க்கிற?" என்று கேட்ட பிறகுதான் விஷயமே தெரிந்தது.

யார்டுக்குப் போய்க் கேட்டார். "நீ இங்க வேலையே பாக்கலயே, எந்த ரிஜிஸ்தர்ல உன் பேரு கீது, காட்டு" என்றார்களாம். பிறகு பிள்ளையே தங்கவில்லை.

"அப்புறமும் ஏங்க்கா அதே ஈயத்தைத் தொட்றீங்க?" என்று ஒரு முறை கேட்டேன்.

"ஈயம் இன்னா பண்ணிச்சு டீச்சர்? அத்த எப்டித் தொடணும்னு சொல்லாத வுட்டான் பாரு, அவன்தான் பண்ணான். வலைக்கிக் குண்டு இல்லாம ஆவுமா? நான் வெளிய வந்து பாக்குறேன், இந்தக் குப்பத்துல அவனவன் சோறாக்குற அடுப்புல, கொயம்பு சட்டியில ஈயம் உருக்கிகினு கீறான். பக்கத்துல புள்ள தூங்குது. எனக்கு அடிவயிறு பத்திகிச்சி. எல்லாத்தையும் எங்கிட்ட குடுங்கடா, நான் வெளிய வெச்சி ஊத்தித் தர்றேன்னேன்."

அப்படித் தொடங்கியதுதான் அந்த மணல் அடுப்பு. எங்கள் குப்பத்துச் சமையலறைகளிலிருந்து ஈயத்தை வெளியே கொண்டு போனவர் அவர் ஒருவர்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் மறந்துவிட்டது.

போன வருடம் ஜூன் மாதம். எங்கள் குப்பத்து மாயாவின் மகன் தீனா, நான்கு வயது, என் அங்கன்வாடிப் பிள்ளை, திடீரென்று மந்தமானான். கடகடவென்று பாட்டுச் சொல்கிற பையன் பாதியில் நின்று விழிப்பான். வயிறு வலிக்கிறது என்று மூலையில் சுருண்டுகொள்வான். முகம் வெளுத்துப் போயிருந்தது. பூச்சி மாத்திரை, சத்து மாவு, மந்திரித்த கயிறு, எல்லாம் ஆயிற்று. அந்தச் சமயத்தில் ஒரு தொண்டு நிறுவனம் இரத்தப் பரிசோதனை முகாம் போட்டது. முகாமுக்கு வந்த இளம் டாக்டர் மதி, தீனாவைப் பார்த்துவிட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஈயத்துக்கான சோதனையும் எழுதினார்.

பத்து நாளில் முடிவு வந்தது. இரத்தத்தில் ஈய அளவு ஐந்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்றார் டாக்டர். தீனாவுக்கு முப்பத்து நான்கு. இருபத்தாறு பிள்ளைகளில் இருபத்து மூன்று பேருக்குப் பதினைந்துக்கு மேல்.

"டீச்சர், பக்கத்துல யாராவது ஈயம் உருக்குறாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. "ஆமா சார், கடலோரம் பூவம்மான்னு ஒருத்தங்க" என்றேன்.

யார்டு என் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஆனால் அது பெரிய மதில் சுவருக்குள் இருந்தது. அதன் முதலாளி எங்கள் அங்கன்வாடிக்குச் சுவர்க் கடிகாரம், தட்டு, தம்ளர் எல்லாம் கொடுத்தவர். இரண்டு வருடத்துக்கு முன் மழைத் தண்ணீர் தேங்கி நாறிய எங்கள் விளையாட்டு மைதானத்தை லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கித் தந்தவர். நான்தான் அவருக்குச் சால்வை போட்டேன். அந்தப் பேரை எடுக்க என் நாக்கு எழவில்லை. கேஸ் அடுப்பு வைத்திருந்த ஒரு பெண்ணின் பேரை எடுக்க அது தயங்கவும் இல்லை.

மறுவாரம் ஐந்து பேர் வந்தார்கள். ஒரு சுகாதார ஆய்வாளர், இரண்டு ஊழியர்கள், ஒரு போலீஸ்காரர், செல்போனில் படம் எடுக்க ஒரு யூடியூப்காரர். வழி காட்ட என்னைக் கூப்பிட்டார்கள். மணி ஒன்பதரை இருக்கும். அக்காவின் சட்டியில் பத்துக் கிலோவாவது ஈயம் கண்ணாடி மாதிரி பளபளவென்று நின்றது.

"அடுப்பை அணைம்மா. உன்னாலதான் இங்க குழந்தைங்களுக்கு எல்லாம் விஷம் ஏறியிருக்கு" என்றார் ஆய்வாளர்.

அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். குனிந்து கேஸை அணைத்தார். மாஸ்க்கை இறக்காமலேயே கையைக் காட்டினார். "சார், அணைச்சிட்டேன். ஆனா இது ஆர்றதுக்கு ஒரு மணி நேரம் ஆவும். எல்லாரும் அந்தக் கல்லாண்ட போய் நில்லுங்க. யாரும் தொடாதீங்க. ஆறனப்பால சட்டியோட எடுத்துகினு போங்க. நான் ஒன்னியும் சொல்ல மாட்டேன்."

"ஒரு மணி நேரமா? எனக்கு வேற வேலை இல்லையா? யோவ், தண்ணிய ஊத்தி அணைங்கய்யா."

ஊழியர்களில் ஒருவர் கட்டுமரத்தோரம் இருந்த வாளியில் கடல் தண்ணீரை மொண்டுகொண்டு வந்தார். அக்கா திரும்பிப் பார்த்ததும் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஊத்தாத! யோவ், ஊத்தாத! வெடிக்கும்!"

மாஸ்க்குக்குள் பாதி அமுங்கிவிட்டது. அந்த மனிதர் சிரித்துக்கொண்டே வாளியை வீசத் தூக்கினார். அக்கா ஓடிப்போய்த் தோளால் இடித்தார். அவர் மணலில் போய் விழுந்தார். ஆனால் வாளியிலிருந்த தண்ணீரில் பாதி சட்டிக்குள் போய்விட்டது.

பட்டாசுக் கட்டை ஒரே நேரத்தில் கொளுத்திய மாதிரி சத்தம். ஈயம் வெள்ளி மழையாக எழும்பி நாலு பக்கமும் சிதறியது. அந்த ஊழியர் ஒரு நொடிக்கு முன்னால் நின்ற இடத்தில் மணல் சுருசுருவென்று கருகியது. ஆய்வாளரின் பேன்ட் நுனியில் ஓட்டை விழுந்தது. எழுந்து நின்ற ஊழியருக்கு முழங்கையில் சிராய்ப்பு. அக்காவுக்குக் காதுக்குக் கீழே கழுத்திலும் இடது தோளிலும் ஈயத் துளிகள் சட்டையைப் பொசுக்கிக்கொண்டு தோலில் ஒட்டிப்போயிருந்தன. வரதன் அண்ணன் ஓடிவந்து தண்ணீரைக் கொண்டு அவர் தோளைக் குளிர்விக்கும்போதும் அக்கா அந்த ஊழியரைப் பார்த்துத்தான் கேட்டார்: "மூஞ்சில எதுனா பட்ச்சா நைனா? கண்ணுல எதுனா பூந்துச்சா?"

இப்படிக் கேட்ட பெண் மேல்தான், அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்துத் தாக்கியதாக அன்று சாயங்காலமே வழக்குப் போட்டார்கள். வெடிக்கும் என்று அவர் கத்தியது புகாரில் இல்லை. தண்ணீர் ஊற்றச் சொன்னது யார் என்பதும் இல்லை. யூடியூப்காரர் இடிப்பதை மட்டும் வெட்டி எடுத்து, 'குழந்தைகளுக்கு விஷம் வைத்த பெண் அதிகாரியைத் தாக்கும் காட்சி' என்று போட்டார். கழுத்தில் கட்டோடு அக்கா ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வரதன் அண்ணன் ஜாமீனுக்கு ஆள் தேடி அலைந்தார். நான் வீட்டுக்குப் போய்விட்டேன். ஆமாம், போய்விட்டேன். எழுதவே கூசுகிறது.

குப்பம் சும்மா இருக்குமா? பத்து வருடமாக அவர் ஊற்றிய குண்டைக் கட்டி வலை இறக்கியவர்கள் அவர் வீட்டு முன்னால் போய் நின்று கத்தினார்கள். மாயா சாணியைக் கரைத்து வாசலில் கொட்டினாள். "தனக்குப் புள்ள இல்லன்னு எங்க புள்ளைங்க மேல கண்ணு வெச்சியாடி, பாவி?" என்றாள். அக்கா கதவைச் சாத்தவில்லை. வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எம் மேல கேஸு போட்டீங்க, சாணி ஊத்தனீங்க. செரி. டெய்லி அதுங்கிட்டியே நிக்கிறவ நானு. என் ரத்தத்த எவனாச்சும் எடுத்துப் பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. அதை அவரே செய்ய வேண்டியிருந்தது. முதலில் போன ஆஸ்பத்திரியில் அந்தச் சோதனை இங்கே இல்லை என்றார்கள். இன்னொரு இடத்தில் டாக்டர் சீட்டு இல்லாமல் எடுக்க முடியாது என்றார்கள். சீட்டு எழுத வேண்டியவர், "நீதானே அந்த வீடியோல வந்த பொம்பள?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். கடைசியில் டாக்டர் மதியின் நம்பரைக் கேட்டு என் வீட்டுக்கே வந்தார் அக்கா. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். வாசலில் நின்று நம்பரை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதைவிட நாலு அறை கொடுத்திருக்கலாம்.

டாக்டர் மதி இரத்தம் எடுக்க வைத்தார். ஒன்பது வந்தது. வரதன் அண்ணனுக்கு நாலு.

டாக்டர் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம். "அம்மா, உங்க ஒன்பதும் நல்லது இல்ல. ஆனா இதுல பெரும்பங்கு பழசா இருக்கலாம். ஈயம் எலும்புல போய் உக்காந்துக்கும். இருபது, முப்பது வருஷம்கூட மெதுவா வெளிய விட்டுக்கிட்டே இருக்கும்."

அந்தக் காகிதத்தோடு அங்கன்வாடி கேட்டில் வந்து நின்ற அக்கா கொதித்துப்போனார். "பாத்தியா டீச்சர்? பதினஞ்சி வருசம் முன்னாடி அந்த யார்டுக்காரன் குட்த்தது இன்னும் என் எலும்புல கீதாம். இத்த வெச்சித்தான் என் ரெண்டு புள்ளைங்களும் போச்சி. நான் டெய்லி உருக்குறவ, எனக்கு ஒம்போது. அந்தாண்ட வூட்டுல உக்காந்துகினு கீற தீனாவுக்கு முப்பத்தி நாலு. என் அடுப்புதான் காரணம்னா நான்ல மொதல்ல செத்துகினு இருக்கணும்? அந்தப் புள்ளைங்க எதயோ தின்னுதுங்க டீச்சர். எதயோ மிதிக்குதுங்க. எங்க வெளாடுதுங்க அதுங்க?"

அன்றைக்குத்தான் அவர் அங்கன்வாடி கேட்டைத் தாண்டி உள்ளே வந்தார்.

மைதானத்தில் நாலு அடி வைத்திருப்பார். நின்றார். முதலாளி கொட்டிய மண்ணின் மேல் போட்டிருந்த செம்மண் முந்தின வருட மழையில் அரித்துப்போய், அடியிலிருந்து கறுப்பாக, கண்ணாடி மாதிரி மினுமினுக்கும் சரளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அதைக் கல் சோறு ஆக்கி விளையாடுவார்கள். தீனாவுக்கு அதில்தான் கொள்ளை ஆசை. சட்டைப் பை நிறைய வைத்திருப்பான், வாயிலும் போட்டுக்கொள்வான். அக்கா ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு ஒரு கட்டியை எடுத்தார். தூக்கிப் பார்த்தார். இன்னொன்று எடுத்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குப் பயம் வந்துவிட்டது.

"இத்த யாரு கொட்டனா?"

சொன்னேன்.

"மூணு வருசம் இத்த வாரிப் போட்டேன் டீச்சர். ஒல அடியில மிஞ்சற கசடு இது. அந்த கனத்த என் கை மறக்குமா? கொட்ட எடம் இல்லாம கெடந்தான். கொயந்திங்க வெளாட்ற எடம் கெட்ச்சிதா அவனுக்கு?" என் பக்கம் திரும்பினார். "நீ சால்வ வேற போட்டியாமே!"

இருபத்தாறு பிள்ளைகளை இரண்டு வருடம் தினமும் கூட்டி வந்து அந்த மண்ணில் விட்டவள் நான். சாப்பாட்டுக்கு முன் கை கழுவினீர்களா என்று கேட்பேனே தவிர, எதைக் கழுவுகிறோம் என்று எனக்குத் தெரியாது. அழுதேன். அக்கா தேற்றவில்லை. "அய்வுறத அப்பால வெச்சிக்க. மொதல்ல கேட்டப் பூட்டு, புள்ளைங்கள இங்க வுடாத. இத்தக் கூட்டாத, தூசி பறக்கும். ரூம்ப ஈரத் துணி போட்டுத் தொட" என்றார்.

டாக்டர் மதி மூன்று இடத்து மண்ணைப் பையில் கட்டி, தனக்குத் தெரிந்த கல்லூரி ஆய்வகத்துக்கு அனுப்பினார்: மைதானம், அக்காவின் அடுப்படி மணல், இரண்டிலிருந்தும் தள்ளி ஒரு தெரு. தெருவில் மிகக் குறைவு. அடுப்படியில் ஓரளவு ஈயம் இருந்தது. மைதானத்தில் அதைப்போல நாற்பது மடங்கு.

இந்தக் காகிதத்தோடு நாங்கள் நாலு அலுவலகம் ஏறி இறங்கினோம். தனியார் ஆய்வக முடிவு செல்லாது என்றார்கள். நாங்களே எடுத்துப் பார்க்க வேண்டும், அதற்கு ஆள் இல்லை என்றார்கள். ஒருவர், "மண்ணை நல்ல எண்ணத்துல இலவசமாத்தானேம்மா கொடுத்தாங்க?" என்று என்னிடமே கேட்டார். ஒரு கேஸ் அடுப்பை அணைக்க ஐந்து பேர் ஒரே வாரத்தில் வந்தார்களே, அந்த ஐந்து பேரும் இப்போது எங்கே போனார்கள்? மதில் சுவர் உயரமாக இருந்தால் விஷமும் நல்ல எண்ணமாகிவிடுமா?

மூன்று வாரம் பொறுத்துவிட்டு, மைதான மண்ணின் முடிவைக் கேட்டிருந்த மாயாதான் முதலில் கிளம்பினாள். பிள்ளைகளின் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, இருபது தாய்மார் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்குக் குறுக்கே உட்கார்ந்தார்கள். பூவம்மா அக்கா அவர்கள் நடுவில் உட்காரவில்லை, ஓரமாக நின்றார். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் இரண்டு மைல் நின்ற பிறகுதான் அதிகாரிகளுக்கு எங்கள் மைதானத்துக்கு வழி தெரிந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தார்கள். ஆட்களை விட்டு மண்வெட்டியால் அப்படியே வாரத் தொடங்கினார்கள். கடற்காற்று வீடுகளைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது. அக்கா உள்ளே புகுந்து கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"இந்தக் காத்துல காஞ்ச கசட வார்றீங்களே, எல்லாம் வூடுங்களுக்குள்ள போவும்! தண்ணி தெளிச்சி நனைச்சிட்டு வாருங்க. அந்த ஆளுங்களுக்கு மாஸ்க்கு எங்க? கையொற எங்க? அவனுங்களுக்குப் புள்ள குட்டி இல்லியா?"

அதே ஆய்வாளர் அங்கே இருந்தார். அக்காவைப் பார்த்தார். தண்ணீர் டேங்கர் வரவழைத்தார்கள். ஆட்களுக்கு மாஸ்க் வந்தது. கசடு முழுக்கப் போக ஒன்பது நாள் ஆயிற்று. புது மண் கொட்டி அதன் மேல் கல் பாவினார்கள். யார்டுக்கு நோட்டீஸ் ஒட்டி இரண்டு மாதம் பூட்டினார்கள். மூன்றாவது மாதம் கேட்டில் வேறு பெயரில் போர்டு தொங்கியது. புகைபோக்கி அதே புகைபோக்கி. அதற்காகத் தனியாக மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை.

ஜனவரியில் பிள்ளைகளுக்கு மறுபடி இரத்தம் எடுத்தார்கள். தீனாவுக்குப் பத்தொன்பது. இறங்குகிறது, ஆனால் மெதுவாக. பாட்டை இப்போது முழுசாகச் சொல்கிறான். எண்களில் மட்டும் தடுக்குகிறது. போனது எல்லாமே திரும்புமா என்று கேட்டால் டாக்டர் அடுத்த சோதனைக்குத் தேதி எழுதித் தருகிறார்.

ரிப்போர்ட் வந்த அன்று மாயா அக்கா வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். மாயா காலில் விழப் போனாள். அக்கா நகர்ந்துகொண்டார்.

"வேணாம் மாயா. எனக்குக் கோவம் போவல. போவும்போது போவட்டும். நீ பண்ணது சாணியோட முட்ஞ்சிது, சொன்னது முடியில. ஆனா கேட்டுக்கோ. பையனுக்கு டெய்லி முட்ட குடு, கீர குடு, பால் குடு. வயிறு காலியா இருந்தா ஈயம் ஜாஸ்தியா ஏறும்னு டாக்டரு சொன்னாரு. நகத்த ஒட்ட வெட்டு. வூட்ட ஈரத் துணியால தொட. போ."

நானும் மன்னிப்புக் கேட்டேன். "கேட்டுட்டயில்ல" என்றார். அவ்வளவுதான்.

அக்காவின் மேல் போட்ட வழக்கை மட்டும் யாரும் எடுக்கவில்லை. கசடு கிடைத்தது, யார்டு பூட்டப்பட்டது, எல்லாம் பேப்பரில் வந்தது. வழக்கு அப்படியே இருக்கிறது. சமாதானம் பேச ஒருவர் வந்தார். 'தெரியாமல் நடந்துவிட்டது, மன்னிக்கவும்' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் முடித்துவிடலாம் என்றார். வரதன் அண்ணன்கூட, "எய்திக் குட்த்துடு பூவு, கோர்ட்டுன்னு அலைய முடியாது, பேஜாரு" என்றார்.

"தெரியாமலா?" என்று அக்கா எழுந்து நின்றார். "தெரிஞ்சிதான்யா இடிச்சேன்! தண்ணி வுயுந்தா வெடிக்கும்னு அங்க கீற ஏழு பேர்ல எனக்கு மட்டுந்தான் தெரியும். தெரியாம பண்ணது ஊத்தச் சொன்ன ஆபீசரு. அந்த ஒரு வரிய அவுருகிட்ட எய்தி வாங்கிகினு வா."

வந்தவர் டீயைக் குடிக்காமல் போய்விட்டார்.

அக்கா இப்போதும் ஈயம் உருக்குகிறார். அடுப்படியிலும் ஈயம் இருந்தது என்று அந்தக் காகிதம் சொன்னதை அவர் ஒதுக்கித் தள்ளவில்லை. அடுப்பை வீடுகளிலிருந்து இன்னும் நூறு அடி தள்ளி, தூண்டில் வளைவின் நுனிப் பக்கம் கொண்டு போனார். பழைய இடத்து மணலை நனைத்து வாரிக் கசடு டப்பாவோடு சேர்த்து, அனுமதி வாங்கி நடத்தும் ஒரு உலைக்கு அனுப்பினார். அடியில் சிந்தாமல் இருக்க அகலமான இரும்புத் தகடு போட்டிருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இரத்தம் கொடுக்கிறார். கடைசியாக எட்டு வந்தது.

அடுத்த வாய்தா வரும் பதினெட்டாம் தேதி. நான் சாட்சி சொல்லப் பெயர் கொடுத்திருக்கிறேன். மேலதிகாரி கூப்பிட்டு, "நீங்க கவர்மென்ட் சம்பளம் வாங்குறவங்க, அரசு ஊழியருக்கு எதிரா நிக்கலாமா?" என்று கேட்டார். நான் அன்றைக்கு அங்கே நின்றேன், சார், தண்ணீர் ஊற்றச் சொன்னது என் காதில் விழுந்தது, என்றேன். விடுப்பு மறுத்தால் சம்பளம் பிடிக்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.